யானையின் விலை

பாளையங்கோட்டை

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, ஒரு நாட்டை எடுத்து வளர்த்து ஆடும் சிவிலைசேஷன் 5 என்ற கணினி ஆட்டத்தில் உன் பங்குக்கு இந்தியா வந்துவிட்டால் உடனே அந்த ஆட்டத்தை அழித்துவிட்டு வேறு ஆட்டம் தொடங்குவதாகவும், ஒவ்வொரு நாட்டுக்கும் மட்டுமே உரிய தனிப்படைகளில் இந்தியாவின் போர் யானையைப் போல வீணானது வேறெதுவும் இல்லை என்றும் சொன்னாய். அன்று எனக்கு மறுமொழி தோன்றவில்லை. நீ வீட்டில் விட்டுச் சென்ற கணினியில் இந்த வாரம் முழுவதும் இந்தியாவையே எடுத்து ஆடிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ சொன்ன கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். தேர் வில்லாளியை உருவாக்க நகரம் 56 உற்பத்திப் புள்ளி செலவிட வேண்டும். அதற்குப் பதிலாக இந்தியாவுக்குக் கிடைக்கும் யானைக்கு 70. ஆக, 280 உற்பத்தியில் ஐந்து தேர்களோ நான்கு யானைகளோ கிடைக்கும். எய்யும் வலிமை தேருக்கு 10, யானைக்கு 11 என்பதால், ஐந்து தேர்களுக்கு 50, நான்கு யானைகளுக்கு 44. போதாக்குறைக்கு, தேர் ஒரு சுற்றில் நான்கு கட்டம் போகும். யானை மூன்றோடு நின்றுவிடும். கூட்டலில் பிழையில்லை. ஆனால் எதைக் கூட்ட வேண்டும் என்பதை நீ இன்னும் ஒருமுறை யோசித்திருக்கலாம் என்று, இத்தனை வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலாவது, ஐந்து தேர்களுக்கு ஐந்து குதிரை வேண்டும். யானைக்குக் குதிரையே வேண்டாம். வியாழக்கிழமை ஆடிய ஆட்டத்தில் என் எல்லைக்குள் ஒரு குதிரைகூட இல்லை. வேறு நாடாக இருந்திருந்தால் உன்னுடைய 50 அங்கே சுழியம்தான். நம் சீமைக்கு இது புதிதும் அல்ல. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள காயலில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், பாண்டியர் அவற்றுக்குப் பெரும் பொருள் கொடுத்ததையும் 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். குதிரையைக் கடல் கடந்து வாங்க வேண்டியிருந்த நாட்டுக்கு, பொதிகைக் காட்டிலேயே யானை இருந்தது. ஆட்டம் காட்டும் எண்ணில் இந்த வசதிக்கு விலை போடப்படவில்லை.

இரண்டாவது, இடம். ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்பது இந்த ஆட்டத்தின் விதி. அதே வியாழக்கிழமை, என் இரண்டாவது நகரத்துக்கு வரும் வழி மலைக்கும் ஏரிக்கும் நடுவே இரண்டு கட்ட அகலமே இருந்தது. எதிரியின் குதிரைப் படை, வலிமை 12, மூன்று வந்தன. முன்வரிசையில் இருவர்தான் நிற்க முடியும் என்றால், பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட முன்னால் நிற்பவர் அடி தாங்குவாரா என்பதுதான் கேள்வி. நேருக்கு நேர் மோதலில் தேருக்கு 6, யானைக்கு 9. முன்னால் நின்ற இரண்டு யானைகளும் குற்றுயிராகத்தான் நின்றன, ஆனாலும் நின்றன. அடுத்த சுற்றில் அவையும் பின்னால் இருந்த ஒன்றும் சேர்ந்து எய்ததில் எதிரி பின்வாங்கினான். அந்த ஒரு சுற்று எனக்கு ஒரு நகரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஆச்சி வீட்டுத் திண்ணையில் கரிக்கட்டியால் கோடு போட்டு, புளியங்கொட்டைகளை ஆடாகவும் கூழாங்கற்களைப் புலியாகவும் வைத்து நாம் ஆடியது உனக்கு நினைவிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒரு புலிக்கு ஐந்து ஆடு சமம் என்று நீ அப்போதும் வகுத்துச் சொன்னாய். ஆட்டுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால்தான் புலி தாவ முடியும். எல்லா இடமும் அடைபட்டபின் அதே புலி வெறும் கல் என்று ஆச்சி உனக்கு ஆடிக் காட்டினாள்.

யானைக்குக் குறையில்லை என்று நான் வாதாடவில்லை. ஈட்டிப் படைக்கு முன்னால் அது தடுமாறுகிறது. அதைவிடப் பெரிய குறை, பின்னாளில் அதை மேம்படுத்தும்போது நைட் என்னும் குதிரை வீரனாக மாறிவிடுவதுதான். அதுவரை வில்லில் பெற்ற பயிற்சியெல்லாம் நேருக்கு நேர் மோதும் அவனுக்குப் பயன்படாது. இங்கிலாந்தின் நெடுவில் வீரனைப் பார். மற்றவர்களின் குறுக்குவில் இரண்டு கட்டம் எய்யும்போது அவன் மூன்று கட்டம் எய்கிறான். நகரம் திருப்பித் தாக்கும் தூரமும் இரண்டே என்பதால், வெளியில் நின்று அடி வாங்காமல் அடிக்கிறான். கேட்லிங் துப்பாக்கிக்கு மாறிய பிறகும் அந்தக் கூடுதல் தூரம் அவனோடு போகிறது. அதனால் நீ இங்கிலாந்தை விரும்புவது நியாயம் என்றே நினைக்கிறேன். ஜெர்மனியின் தனிப்படையான பான்சர் டாங்கியை நீ புகழ்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது வந்து சேர்வதற்குள் பெரும்பாலான ஆட்டங்களில் யார் கை ஓங்கியது என்பது தெரிந்துவிடுகிறது.

இந்தியாவுக்கு நகரங்களின் எண்ணிக்கையால் வரும் அதிருப்தி இரட்டிப்பு, மக்கள்தொகையால் வருவது பாதி. சில நகரங்களைப் பெரிதாக வளர்த்துக் காத்துக்கொள்ளும் நாடு அது. அப்படிப்பட்ட நாட்டுக்குத் தொடக்கக் காலத்திலேயே, குதிரை தேடி அலையாமல், அடி தாங்கும் வில்லாளி கிடைப்பதற்கு 14 உற்பத்தி கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் முடிவு. நீ நாடு பிடிக்க யானையை அனுப்பியிருப்பாய். அதனால்தான் உனக்கு அது கசந்திருக்கும்.

அடுத்த முறை இந்தியா வந்தால் அழித்துவிடாமல் நூறு சுற்று வரையாவது ஆடி, சேமித்து வை. பொங்கலுக்கு வரும்போது அதைக் கொண்டு வா. வாசல் திண்ணையில் இருவரும் உட்கார்ந்து எங்கே நிறுத்தினாய் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா