ஒரு தந்தி போதாது

ஆசிரியருக்கு,

கிட்டார் பழகுவோருக்கான உங்கள் கட்டுரையில், 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாடலின் தொடக்க ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடரை) ஒரே தந்தியில் வாசித்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். பல ஆண்டுகளாகப் புதியவர்களுக்குக் கற்றுத்தருகிறவள் நான். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1972இல் வெளியிட்ட அந்தப் பாடலில், அதன் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் நான்காம், மூன்றாம் தந்திகளைச் சேர்த்தே ஒலிக்கிறார். அதுவும் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல், விரல்களால் ஒரே நேரத்தில் இழுத்து! பிக்கால் தட்டினால் ஒரு தந்தி முந்தும், மற்றது பிந்தும். அந்தக் கனம் வராது. திறந்த (விரலால் அழுத்தாத) தந்தி, மூன்றாம், ஐந்தாம், ஆறாம் ஃபிரெட்டுகள் (கிட்டாரின் கழுத்தில் உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டங்கள்): தேவைப்படும் இடங்கள் இவ்வளவுதான். ஒரு விரலைப் படுக்கவைத்தாலே இரண்டு தந்திகளும் அழுந்திவிடும். இது புதியவர்களுக்கு எட்டாத வித்தையா?

உண்மையான கடினம் ஒலிகளுக்கு நடுவே விடப்படும் மௌனத்தில் இருக்கிறது. எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் என்று எண்களால் காட்டும் டேப்லேச்சர் தாள்கள் பலவற்றில் எண்கள் மட்டுமே இருக்கும். எங்கே, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதைப் பதிவைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். கிட்டாரைத் தொடும் முன் ரிஃப்பை வாயால் பாடிக்காட்ட வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. பாட முடிந்தவர்களின் விரல்கள் தடுமாறுவது குறைவு.

கட்டுரையின் அடுத்த பகுதியில் இரண்டு தந்தி முறையை விரல் படத்துடன் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியை ஒருவர்