பட்டறை போட்டுவிட்டேன், அப்பா

ஸ்காபரோ, கனடா,
18.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் அவ்வாறே இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

தச்சுப் பட்டறைக்கு இடம் பார்ப்பதாக முன்பு எழுதியிருந்தேன். நிலவறையில் போடவே முதலில் எண்ணினேன். ஆனால் 8 அடி நீளமும் 4 அடி அகலமுமான பிளைவூட்டை அந்த ஒடுங்கிய படியில் திருப்ப முடியவில்லை. தூளும் வீட்டுக்குள் ஏறும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. நீங்கள் சால்வையால் மூக்கைக் கட்டுவது போதாது அப்பா. தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் வாங்கித் தரும் முகக்கவசத்தைத் தயவுசெய்து போடுங்கள்.

ஆகவே கார் விடும் கொட்டகையை எடுத்துக்கொண்டேன். அதன் நீளம் 20 அடி. 8 அடிப் பலகையை மேசை வாளில் நீளவாட்டில் அரிய, வாளுக்கு முன்னால் 8 அடியும் பின்னால் 8 அடியும் வேண்டும் என்பதால், வாளின் இடம் நடுவில்தான் என்று தானாகவே முடிவாயிற்று. சீவும் மேசையை, உங்கள் கிடுகுக் கொட்டிலில் போல, இடப்பக்கத்தால் வெளிச்சம் விழும்படி யன்னலோரம் வைத்தேன். நீங்கள் நிலத்தில் இருந்து காலால் மரத்தை அமத்திச் சீவுவீர்கள். நான் நின்று சீவுவதால் மேசை 34 அங்குல உயரம். இங்கே சுவரில் வருவது 120 வோல்ற் மட்டுமே. ஊரில் 230 என்பதால், அதே வேலைக்கு ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டம் ஓடுகிறது. வாளையும் தூளுறிஞ்சியையும் ஒரே இணைப்பில் போட்டால் மின் நின்றுவிடும். உரிமம் பெற்றவரைக் கொண்டு தனி இணைப்பு எடுத்தேன்.

ஒரு தவறையும் சொல்லவேண்டும். மேப்பிள் பலகைகளை ஒட்டி ஒரு சாப்பாட்டு மேசை செய்து, மேற்பலகையைச் சட்டத்தோடு திருகாணியால் இறுக்கிப் பூட்டியிருந்தேன். தை மாதத்தில் ஓர் இரவு, தேங்காய் உடைத்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. விடிய விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். மர இழையின் போக்கிலேயே, நகம் நுழையும் அகலத்தில், ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. வெளியிலிருந்து வரும் உறைகுளிர்க் காற்றில் ஈரமே இல்லை. அதை வீட்டுக்குள் சூடாக்க அது இன்னும் வறண்டு, மரத்தின் ஈரத்தையும் இழுத்துவிடுகிறது, பலகை அகலவாட்டில் சுருங்குகிறது. சாமியறைக் கதவுக்குப் பலகை இறக்கும்போது, மாரியில் ஊதும் என்று சட்டத்தின் தவாளிப்புப் பள்ளத்துக்குள் நெல்லளவு இடம் விடச் சொன்னீர்களே, அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது திருகாணித் துளைகளை நீளமாக்கி, பலகை அசைய இடம் விட்டுப் பூட்டியிருக்கிறேன்.

நீங்கள் இப்போது எடுக்காத அந்த நீளச் சீவுளியின் அலகை மட்டும், ஊரிலிருந்து வருபவர் எவரிடமாவது கொடுத்துவிடுங்கள். கட்டை வேண்டாம், இந்த வறட்சியில் வெடித்துவிடும். இங்குள்ள மேப்பிளிலேயே செய்துகொள்வேன். அலகு படுக்கும் சரிவை ஒரு தாளில் சரியளவாக வரைந்து அனுப்பினால், அதை வெட்டி மரத்தில் ஒட்டி, அந்தக் கோட்டிலேயே அரிவேன்.

இப்படிக்கு,
அன்பு மகன்