பன்னிரண்டு நாளில் ஐந்து ஊரா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாளில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ம்யூனிக், ப்ராக், ரோம். அம்மாவிடம் காட்டினேன். “இவ ஊர் பாக்கப் போறாளா, ரயில்வே ஸ்டேஷன் பாக்கப் போறாளா?” என்றாள். என் கேள்வியும் அதுதான். போனில் சொன்னால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பீர் விழாவுக்குப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சம்பாதிக்கிற பெண், சிநேகிதிகளோடு போகிறாய். நான் ம்யூனிக்கில் வேலை பார்த்த காலத்தில் நானும்தான் போனேன். என் குறை வேறு. இந்தப் பயணமே ஜெர்மனியின் ம்யூனிக்கில் நடக்கும் அந்த அக்டோபர்ஃபெஸ்டுக்காக என்கிறாய்; ஆனால் திட்டத்தில் அதற்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாத நேரம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

பேர்தான் அக்டோபர், விழாவில் பெரும்பகுதி செப்டம்பரில் நடந்துவிடும். செப்டம்பர் 15-க்குப் பிறகு வரும் சனிக்கிழமை தொடங்கும், அக்டோபரின் முதல் ஞாயிறு முடியும். இந்த 2026-இல் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. இடையில் வரும் இரண்டாவது வார இறுதிக்கு இத்தாலியே கிளம்பி வந்துவிடும். நீ குறித்து வைத்திருக்கும் 26-ஆம் தேதி அதில்தான் விழுகிறது. அன்றைக்குச் சாயங்காலம் போனால், பீர் பரிமாறும் டென்ட் வாசலில் காவலாளி கையை விரிப்பான். உள்ளே நிரம்பிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். நீங்கள் நான்கு பேரும் குளிரில் வெளியே நின்று பாட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

மேஜை முன்பதிவு செய்துவிட்டால் போச்சு என்று நினைப்பாய். பெரிய டென்ட்களில் எட்டு, பத்து பேருக்கான முழு மேஜையாகத்தான் பதிவு செய்ய முடியும்; ஆளுக்கு இரண்டு பீர், அரைக் கோழி என்று கூப்பனும் முன்கூட்டியே வாங்க வேண்டும். நான்கு பேருக்கு அது கட்டாது. இணையத்தில் எவனாவது இடைத்தரகன் மேஜையைக் கூடுதல் விலைக்கு விற்றால் வாங்காதே. விழாவுக்கு உள்ளே போக டிக்கெட்டே கிடையாது, சும்மா நடந்து போகலாம். பெரிய டென்ட்களில் பதிவில்லாத இடம் கொஞ்சம் கட்டாயம் விட்டிருப்பார்கள்.

ஆகவே, செவ்வாய்க்கிழமை மதியம். 22-ஆம் தேதியைக் குறித்துக்கொள். வார நாளில் பத்து மணிக்கு டென்ட் திறக்கும்; பதினொன்று, பன்னிரண்டுக்குள் போனால் நல்ல இடமாகப் பார்த்து உட்காரலாம். உட்கார்ந்தால்தான் பீர், நின்றுகொண்டு கேட்டால் தரமாட்டார்கள். பெஞ்சு நீளமாக இருக்கும், யாரோ ஒரு குடும்பம் நகர்ந்து இடம் கொடுக்கும். எதிரில் ஒரு தாத்தா பாட்டி, பக்கத்தில் ஆபீஸிலிருந்து சாப்பிட வந்த நாலு பேர், அந்தக் கோடியில் ஒரு குழந்தை முறுக்கு மாதிரி முறுக்கிய ப்ரெட்ஸெலைக் கடித்துக்கொண்டிருக்கும். அந்த ஊர்க்காரர்களின் விழாவை நீ பார்ப்பது அப்போதுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது வேறு கூட்டம், வேறு சத்தம். செவ்வாய்க்கிழமைகளில் ராட்டினங்களுக்கும் சலுகை விலை உண்டு.

குவளைக்கு அங்கே மாஸ் என்று பெயர், ஒரு லிட்டர் பிடிக்கும். வெறும் கண்ணாடியே ஒரு கிலோவுக்கு மேல். பீரோடு இரண்டு கிலோவைத் தாண்டும். பரிமாறும் பெண்கள் அதில் பத்தைச் சேர்த்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் வழி கேட்டுக் கத்தியபடி வருவார்கள். மேஜையில் வைத்ததும் உடனே எடுக்காதே. நுரை அடங்கட்டும், கண்ணாடியில் ஒரு லிட்டருக்குக் கோடு போட்டிருக்கும், பீர் அதுவரை ஏறியிருக்கிறதா பார். குறைவாக ஊற்றி ஏமாற்றுவதை எதிர்ப்பதற்கென்றே அந்த ஊரில் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்! சென்ற ஆண்டு ஒரு மாஸ் பதினான்கரை யூரோவிலிருந்து கிட்டத்தட்ட பதினாறு யூரோ வரை. நம் கணக்கில் 1,500 ரூபாய்க்கு மேல். கையில் ரொக்கம் வைத்துக்கொள். கொண்டுவந்து கொடுக்கிற கையிலேயே பணத்தையும் கொடுத்து, ஒரு யூரோ சேர்த்து டிப்ஸ் வைத்துவிடு. அடுத்த முறை உன் மேஜைப் பக்கம் சீக்கிரம் வருவாள்.

இந்தப் பீர் வழக்கமானதைவிடக் கொஞ்சம் வீரியம் கூடியது, 6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இனிப்பாக வழுவழுவென்று இறங்கும், எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். ம்யூனிக் நகரத்தின் ஆறு பீர் ஆலைகள் மட்டும்தான் அங்கே விற்கலாம்: ஆகுஸ்டினர், பவ்லானர், ஹாக்கர்-ப்ஷோர், ஹோஃப்ப்ராய், லோவன்ப்ராய், ஷ்பாட்டன். ஆகுஸ்டினர் டென்டில் இன்னும் மரப் பீப்பாயிலிருந்துதான் ஊற்றுகிறார்கள், என் ஓட்டு அதற்குத்தான். ஒரு மாஸ் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எலுமிச்சை சோடா கலந்த ராட்லர் கேள். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். அரைக் கோழி அருமையாக இருக்கும், தோல் மொறுமொறுவென்று. கையாலேயே சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சைவம் சாப்பிடும் உன் தோழிக்குக் கேஸ்ஷ்பெட்ஸ்லெ என்று பாலாடைக்கட்டி போட்ட ஒரு பண்டம் உண்டு, வறுத்த வெங்காயம் தூவி வரும். சுருள் சுருளாகச் சீவி உப்புப் போட்ட வெள்ளை முள்ளங்கியையும் வாங்கிக்கொடு.

கால் மணிக்கு ஒரு தரம் வாத்தியக்காரர்கள் வாழ்த்துப் பாட்டை எடுப்பார்கள். எல்லோரும் குவளையைத் தூக்கி இடிப்பார்கள். இடிக்கும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும், குவளையைப் பார்த்தால் மரியாதைக் குறைவு. பெஞ்சின் மேல் ஏறி ஆடலாம், மேஜையில் ஏறக் கூடாது. குவளையைப் பைக்குள் போட்டு ஞாபகார்த்தமாகக் கொண்டுவரலாம் என்ற யோசனை வந்தால் விட்டுவிடு. வாசலில் பிடிப்பார்கள், திருட்டு வழக்காகிவிடும். கடையில் காசு கொடுத்து வாங்கலாம்.

பாதி நேரத்தை டென்டுக்கு வெளியே செலவிடு. சின்ன வயதில் உன்னைத் தமுக்கத்துச் சித்திரைப் பொருட்காட்சிக்குத் தோளில் தூக்கிப் போனது நினைவிருக்கிறதா? அந்தச் சங்கதிதான், அளவுதான் பெரிது. அதில் டோபோகன் என்று ஒன்று. மரக் கோபுரம், அதன் உச்சிக்குப் போக வேகமாக ஓடும் ஒரு சரிவுப் பட்டை. மேலே போய்ப் பாயில் உட்கார்ந்து சறுக்கி இறங்க வேண்டும். வேடிக்கை சறுக்குவதில் இல்லை, ஏறுவதில். பெரிய மனிதர்கள் விறைப்பாக நின்றபடி பட்டையில் காலை வைப்பார்கள், அடுத்த நொடி கால் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கீழே நூறு பேர் அதைப் பார்ப்பதற்கென்றே நிற்பார்கள். 1910-லிருந்து ஓடும் ‘பிசாசுச் சக்கரம்’ ஒன்றும் உண்டு. சுழலும் பலகையில் ஆட்களை உட்காரவைத்து ஒவ்வொருவராகத் தூக்கி எறியும். நீ ஏறுவாய் என்று தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏறு.

இதெல்லாம் ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது. 1810 அக்டோபர் 12-இல், ம்யூனிக் இருக்கும் பவேரியாவின் இளவரசர் லுட்விக், தெரேசா என்ற இளவரசியை மணந்தார். ஐந்து நாள் கழித்து ஊருக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் வைத்தார்கள். அந்த வெளிக்குத்தான் மணப்பெண்ணின் பேரில் தெரேசியன்வீஸெ என்று பெயர். மறு ஆண்டு விவசாயக் கண்காட்சியும் சேர்ந்துகொண்டது. குதிரைப் பந்தயம் காலப்போக்கில் போய்விட்டது, பீர் தங்கிவிட்டது. மைதானத்தின் ஓரத்தில் 18 மீட்டர் உயரத்துக்கு பவேரியா என்ற வெண்கலப் பெண் நிற்கிறாள், பக்கத்தில் சிங்கம். உள்ளே படியேறி அவள் தலைக்குள் போய் எட்டிப் பார்க்கலாம். அவள் காலடியில் இருக்கும் புல்மேட்டில் மட்டும் உட்காராதே. குடித்தவர்கள் வாந்தி எடுக்கவும் தூங்கவும் தேர்ந்தெடுத்த இடம் அது.

முதன்மை வாசல் பக்கம் ஒரு நினைவிடம் இருக்கும். 1980 செப்டம்பர் 26 இரவு ஒரு வலதுசாரித் தீவிரவாதி வைத்த குண்டு அங்கே வெடித்தது. வைத்தவனையும் சேர்த்து 13 பேர் இறந்தார்கள். ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போ.

சரி, தங்குவது. விழா நாளில் ம்யூனிக் விடுதிகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்கும். ஆக்ஸ்பர்க்கில் அறை எடுங்கள். ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. இடம் கிடைக்காததற்குப் போகிற ஊர் இல்லை அது. அங்கே ஃபுக்கராய் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. யாகோப் ஃபுக்கர் என்ற பெரும் பணக்காரர் 1521-இல் ஏழைக் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டியது. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஆண்டு வாடகை 88 சென்ட்! மாச வாடகை இல்லை, ஆண்டு வாடகை. கூடவே நாளுக்கு மூன்று வேளை பிரார்த்தனை செய்ய வேண்டும். இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், நேரம் கழித்து வருகிறவர் சின்ன அபராதம் கட்டித்தான் உள்ளே போகலாம். காவி நிறச் சுவரும் பச்சை ஜன்னலுமாக வரிசை வரிசையாக வீடுகள். பெங்களூரில் நீ கொடுக்கிற வாடகையை நினைத்துக்கொண்டே சுற்றிப் பார்.

பயேர்ன் டிக்கெட் என்று ஒரு நாள் சீட்டு உண்டு. ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம். வார நாளில் காலை ஒன்பதிலிருந்து மறுநாள் விடியற்காலை மூன்று வரை பவேரியா முழுக்கச் செல்லும். அதிவேக ரயிலில் மட்டும் ஏறக் கூடாது. ம்யூனிக் மெட்ரோவுக்கும் அதே சீட்டுதான். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும்கூட அது செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விழாவுக்குப் போகும்போது தெரேசியன்வீஸெ ஸ்டேஷனில் இறங்காமல் கெட்டெப்ளாட்ஸில் இறங்கி நடந்தால் நெரிசல் குறைவு.

ஆக, என் யோசனை இது. 18-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இறங்குங்கள். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு மேயர் சுத்தியலால் அடித்து முதல் பீப்பாயைத் திறப்பார். அதற்காக உள்ளே முண்டியடிக்காமல், அதற்கு முன்னால் தெருவில் வரும் குதிரை வண்டி ஊர்வலத்தைப் பாருங்கள். ஞாயிறு காலை பாரம்பரிய உடை ஊர்வலம், ஏழு கிலோமீட்டர் தூரம், ஆயிரக்கணக்கானோர் நடப்பார்கள். இரண்டையும் தெருவோரம் நின்று இலவசமாகப் பார்க்கலாம். திங்கள் ஆக்ஸ்பர்க், செவ்வாய் விழா. இன்னொரு நாள் காலையில் டாகாவ் நாஜி வதைமுகாமுக்குப் போய் வாருங்கள், 1933-லேயே திறந்தது. அன்றைக்கு வேறு எதையும் வைக்காதீர்கள். அப்புறம் ரேகன்ஸ்பர்க்கின் பழைய கல்பாலம், சால்ஸ்பர்க், கடைசியில் மூன்று இரவு வியன்னா. பாரிஸும் ரோமும் எங்கேயும் ஓடிவிடாது.

இதில் விசாவுக்கும் ஒரு சௌகரியம் உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை, எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறாயோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். உன் பழைய திட்டத்தில் பாரிஸிலும் ரோமிலும் மும்மூன்று இரவு. சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு என்பது விதி, பிரான்ஸுக்குப் போயிருப்பாய். இப்போது தயங்காமல் ஜெர்மனி. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, சேவை மையத்துக்குத் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் நீ திரும்பிய பிறகும் மூன்று மாதமாவது செல்ல வேண்டும். ஒருவேளை விசா தாமதமானாலும் பதறாதே: ஷ்டுட்கார்ட்டில் கான்ஷ்டாட் விழா இருக்கிறது, ம்யூனிக் முடிந்த பிறகும் ஒரு வாரம் போல நடக்கும். 1816-இல் கோடையே வராமல் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததன் பலன். அதிலிருந்து மீண்ட பிறகு 1818-இல் வுர்ட்டம்பர்க் அரசர் தொடங்கிய விழா. காய்கனியால் அலங்கரித்த உயரமான தூண் ஒன்றை நடுவில் நிறுத்துவார்கள். எனக்கென்னவோ அதுவும் பிடிக்கும்.

அப்பன் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. நான்கு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வாருங்கள். குவளையை மேஜையில் விட்டுவிட்டு நகராதே. யாராவது தொந்தரவு செய்தாலோ, ஒருத்தரை ஒருத்தர் தொலைத்துவிட்டாலோ, மைதானத்தின் சேவை மையத்தில் பெண்களுக்கென்றே ஒரு பாதுகாப்பு இடம் மாலை நேரங்களில் திறந்திருக்கும். முதல் வேலையாக அது எங்கே இருக்கிறதென்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பை கொண்டுபோகாதே. மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளும் பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். இரவு நன்றாகக் குளிரும். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் எதுவும் திறக்காது, சனிக்கிழமையே தண்ணீரும் ரொட்டியும் வாங்கி வை.

அவர்கள் ஊர்ப் பாவாடை உடையை வாங்கிப் போடப்போவதாகச் சொன்னாய். போடு, அழகாக இருக்கும். பாவாடைக்கு மேல் கட்டும் ஏப்ரனின் முடிச்சை இடது பக்கம் போட்டால் கல்யாணம் ஆகாதவள், வலது பக்கம் என்றால் ஆனவள் என்று கணக்காம். அம்மாவிடம் இதைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். வலது பக்கம்தான் கட்ட வேண்டும் என்று கண்டிப்பாக எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

மற்ற மூவரிடமும் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பாஸ்போர்ட் முடியும் தேதியைப் பார்த்துக் கையோடு சொல். ஆக்ஸ்பர்க்கில் ரத்து செய்யக்கூடிய அறையாக இரண்டை இந்த வாரமே பிடித்து வைத்துவிடு, பணம் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா