மூக்குடைந்த வீரா: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

கோலாலம்பூர் ஜாலான் கூச்சிங் சாலை நெரிசலில் லோரியின் பின்னால் மோதிய உன் அப்பாவின் 2003 புரோட்டான் வீரா காடியின் (காரின்) படங்களைப் பார்த்தேன். பட்டறைக்காரர் "பெசி பூரோக் (பழைய இரும்பு) கடைக்குத் தள்ளிடுங்க" என்று சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அப்படி முடிவு கட்ட இந்தப் படங்கள் போதாது. காப்பாற்றிவிடலாம் என்று சொல்லவும் போதாது. பம்பரையும் கிரில்லையும் கழற்றாமல் யார் கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் அது குத்துமதிப்புதான்.

காகித வேலையை முதலில் முடி. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்திருக்க வேண்டும். பின்னாலிருந்து இடித்தது நீ. உன்னிடம் இருப்பது தெர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் என்பதால் அது லோரிக்காரரின் சேதத்தைப் பார்த்துக்கொள்ளும், வீராவுக்கு ஒரு சென் வராது. காம்ப்ரிஹென்சிவ் எடுத்திருந்தாலும், 10 வயது தாண்டிய காடிக்குப் புதுச் சாமான் போட்டால் அந்தச் சாமான் விலையில் 40 விழுக்காடு வரை நீதான் கொடுத்திருப்பாய். ஆக, கைக்காசு, ஆக, பழைய சாமான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தச் சாமானைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கவே கூடாது, எப்போது வாங்குவது என்பதில்தான் பலருக்குக் காசு கரைகிறது.

இப்போதைக்கு இன்ஜினை எழுப்பாதே. படத்தில் ஃபேன் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, தரையில் தண்ணீர் வேறு. தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கெட் போய்விடலாம். தகரச் செலவோடு நின்றிருக்க வேண்டியது இன்ஜின் செலவாகிவிடும். வேறு பட்டறைக்கு மாற்றுவதாக இருந்தால் லோரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

லோரியில் மோதியது ஒரு வகையில் உனக்குச் சாதகம். லோரியின் பின்புறம் உயரமாக இருப்பதால் காடி அதன் அடியில் நுழைகிறது. போனட், இடது ஹெட்லைட், இடது ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகரம்), ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டத்தின் மேல்பகுதி எல்லாம் நசுங்குகின்றன. கீழே இருக்கும் பம்பர் இரும்புக்குப் பெரிய அடி விழுவதில்லை. வீராவுக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, கூடுதான் சேசிஸ். இன்ஜினுக்கு இருபுறமும் முன்னால் நீளும் இரண்டு பெட்டி இரும்புகளைத்தான் பட்டறையில் சேசிஸ் என்பார்கள். அவை தாழ்வாக இருப்பதால் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வாய்ப்பு வேறு, அளவு வேறு.

அளவு எடுக்கும் விதம் இது. பம்பர், கிரில், இரண்டு ஹெட்லைட், இடது ஃபெண்டர் எல்லாம் கழற்றியபின் போனட்டைத் தூக்கி வை. இடது அப்சோபரின் (சக்கரத்தின் அதிர்வு தாங்கி) மேல் போல்ட் ஒன்றிலிருந்து வலது சேசிஸ் நுனியில் உள்ள ஒரு துளைக்கு இரும்பு டேப்பை இழு. பிறகு வலது பக்கத்தின் அதே போல்ட்டிலிருந்து இடது நுனியின் அதே துளைக்கு. இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கூடு கோணியிருக்கிறது என்று எடுத்துக்கொள். டேப் நடுவில் எதன்மேலும் இடித்து வளையக் கூடாது. வளைந்தால் அந்த 3 மில்லிமீட்டர் டேப்பின் பொய்.

கண்ணாலும் பார். சேசிஸ் இரும்பின் பக்கவாட்டில் சுருக்கம், வெல்டிங் புள்ளிகளைச் சுற்றிச் சாயம் வெடிப்பு, மூட்டுகளில் பூசிய சீலண்ட் கிழிந்திருத்தல், இவை அங்கே விசை போயிருக்கிறது என்பதன் அடையாளம். முன்கதவைத் திறந்து மூடு. கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தால் கண்ணாடித் தூண் வரை அடி போயிருக்கிறது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி. காடிமீது பாசம் இருந்தாலும் விட்டுவிடு.

வளைவு முன்பகுதியோடு நின்றிருந்தால் இழுத்து நிமிர்த்தலாம். இங்கேதான் அவசரக்காரப் பட்டறைகள் தப்புப் பண்ணுகின்றன: நசுங்கிய முன் சட்டத்தை முதலிலேயே வெட்டி எறிந்துவிட்டுப் பிறகு இழுப்பார்கள். அந்தச் சட்டம் நசுங்கியிருந்தாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் மோதியபோது எந்த வழியாக உள்ளே போனதோ அதே வழியாகக் கூடு திரும்பி வரும். காடியின் அடி விளிம்பை நாலு இடத்தில் கவ்விக்கொண்டு, மோதிய திசைக்கு நேரெதிராகச் சங்கிலியால் இழுக்க வேண்டும். இரும்பு கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் தேவைக்குச் சற்று மேலேயே இழுத்து, விட்டு, மறுபடி அளக்க வேண்டும். கேஸ் விளக்கால் சேசிஸைச் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்துகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. காய்ச்சிய இடம் பலம் இழந்து, அடுத்த மோதலில் முதலில் மடங்கும். வெல்டிங் வைக்குமுன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல், இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டியான ஈசியூ தப்பிக்கும்.

மூலைவிட்டங்கள் ஒத்துவந்த பிறகுதான் பொத்தோங் கடைக்கு, அதாவது பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கும் கடைக்குப் போக வேண்டும். கோணலான கூட்டுக்கு நல்ல போனட் வாங்கினாலும் பொருந்தாது. கடைக்காரர் தப்பான சாமான் கொடுத்துவிட்டார் என்று அநியாயமாகச் சண்டை வரும். வீரா 1993இல் வந்த காடி, லட்சக்கணக்கில் ஓடியது. கெப்போங், சுங்கை பூலோ, கிள்ளான் பக்கம் தேடினால் சாமான் கிடைக்கும். முன்பகுதி சேடானுக்கும் ஏரோபேக் என்ற ஹேட்ச்பேக் வகைக்கும் ஒன்றுதான் என்பதால் இரண்டிலும் தேடலாம். ஆனால் பம்பர் வகைக்கு வகை வேறுபடலாம், கழற்றிய பழைய பம்பரைக் கையோடு கொண்டு போ. கடைக்காரர் "செமுவா பாகுஸ்" (எல்லாம் நல்லது) என்பார். சிரித்துக்கொண்டே காந்தத்தை எடு.

போனட்டின் விளிம்பு மடிப்பில்தான் துரு ஒளிந்திருக்கும். நகத்தால் அழுத்தினால் சாயம் கொப்பளித்து உதிர்ந்தால் விடு. காந்தம் ஒட்டாத இடத்தில் தடிமனாகப் புட்டி பூசியிருக்கிறது. திருப்பிப் போட்டு உள் சட்டத்தைப் பார்: நடுவில் மடிந்து நிமிர்த்திய கோடு இருந்தால் அது ஒருமுறை மோதலைக் கண்ட போனட். போனட் மோதலில் நடுவில் மடங்கும்படிதான் உள் சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. அங்கே தகரத்தை ஒட்டி வெல்டிங் வைத்துக் கெட்டியாக்கியிருந்தால் மடங்க வேண்டியது மடங்காமல் கண்ணாடிப் பக்கம் வரும். பூட்டும் கொக்கியும் நேராக இருக்க வேண்டும். முதல் பூட்டு விட்டாலும் இரண்டாவது கொக்கி போனட்டைப் பிடிக்க வேண்டும்; நெடுஞ்சாலையில் அது பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

ஹெட்லைட்டில் கண்ணாடியைவிடக் காதுகள் முக்கியம். போல்ட் போடும் காது ஒட்டுப் போட்டிருந்தால் நாலு மேடுபள்ளத்தில் வெளிச்சம் ஆடும். உள்ளே வெள்ளி உரிந்திருந்தால் புது பல்பு போட்டும் மங்கல்தான். சுவரில் அடித்துப் பார்: லோ பீம் (தாழ்த்திய விளக்கு) வெளிச்சக் கோடு இடது பக்கம், அதாவது சாலை ஓரப் பக்கம், மேலேற வேண்டும். வலது பக்கம் ஏறினால் அது வலப்புறம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த விளக்கு, எதிரே வருபவர் கண்ணைக் குத்தும்.

ஃபெண்டர், கிரில், பம்பர், ஃபேன் மோட்டார் பழசு போதும். ரேடியேட்டர் மட்டும் புதிது வாங்கு, இதில் பேரம் வேண்டாம். உன்னுடையது ஆட்டோ கியர். அதன் ரேடியேட்டருக்குள் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் தனியாக ஓடுகிறது. பழைய ரேடியேட்டரில் அந்தக் குழாய் உள்ளே அரித்திருந்தால் வெளியே தெரியாது. தண்ணீரும் எண்ணெயும் கலந்து இளஞ்சிவப்புப் பால் மாதிரி ஆனபிறகுதான் தெரியும், அதற்குள் கியர்பாக்ஸ் போயிருக்கும். மேனுவல் ரேடியேட்டரில் இந்த இணைப்பே இருக்காது, கடையில் மாற்றிக் கொடுத்துவிடாமல் பார். ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், பெல்ட் எல்லாம் புதிது. மோதலில் இறுகிய சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பார். நூல் பிரிந்திருந்தாலோ சுருள் சிக்கினாலோ அதுவும் புதிதுதான். ஏசி கண்டென்சர் பழசு எடுக்கலாம், காற்றடைத்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று சோதித்தபின். ஏசி கேஸின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் மட்டும் பழசு கூடாது, வாய் திறந்து கிடந்த டிரையர் நம் ஊர் ஈரத்தைக் குடித்து எப்போதோ செத்திருக்கும். ஏசிக்குக் கேஸ் அடைக்குமுன் 30 நிமிடம் வேக்கம் இழுத்து, ஊசி நகராமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்.

எதை வாங்கினாலும் கடைப் பெயர் போட்ட ரசீது கேள். திருட்டுக் காடிச் சாமானும் சந்தையில் ஓடுகிறது. யாராவது "ஹாஃப்கட் (பாதியாக வெட்டிய பழைய காடி) இன்ஜினும் மாற்றிவிடலாம்" என்று ஆசை காட்டினால், இன்ஜின் எண் காடியின் பதிவுப் பத்திரமான கிரானில் இருக்கிறது, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வை. காடியின் நிறத்தை மாற்றினாலும் அப்படித்தான்.

சாமான்களைச் சாயம் அடிக்காமலே ஒருமுறை முழுதாக மாட்டிப் பார்க்க வேண்டும். போனட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இரு பக்கமும் ஒரே அளவு இடைவெளி, சுமார் 4 மில்லிமீட்டர். சாயம் அடித்தபிறகு கீல் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தினால் சாயம்தான் உரியும். புட்டி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், வெயிலில் வெடிக்கும். 20 வருட வெயில் குடித்த சாயத்தோடு சாயக் குறியீட்டுப்படி கலந்த புதுச் சாயம் ஒத்துப்போகாது. பெட்ரோல் மூடியைக் கழற்றி பாலிஷ் போட்டு அதைப் பார்த்துக் கலக்கட்டும், முன்கதவு வரை மெல்லக் கரைத்துவிடட்டும். வெல்டிங் வைத்த மூட்டுகளின் உள்பக்கம் துரு தடுக்கும் மெழுகு அடித்தார்களா என்று கேட்க மறக்காதே. இதை யாரும் தானாகச் செய்வதில்லை, வெளியே தெரியாத வேலை.

எல்லாம் முடிந்ததும் சக்கர அலைன்மென்ட். ஸ்டீரிங் நேராக இருந்தும் காடி இடது பக்கம் இழுத்தாலோ, இடது வலது கேம்பர் (சக்கரம் மேல்கீழாகச் சாய்ந்திருக்கும் அளவு) எண்கள் எட்டி நின்றாலோ, சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்ம் அல்லது அப்சோபர் வளைந்திருக்கலாம். டோவை (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவை) மட்டும் திருகிச் சமாளித்துக் கொடுத்தால் டயர் ஒரு ஓரமாகத் தேயும்.

இதெல்லாம் பிறகு. நாளைக்கு பம்பரைக் கழற்றச் சொல்லி, அந்த இரண்டு மூலைவிட்ட அளவையும் எழுதி அனுப்பு. அதுவரை எந்தக் கடைக்கும் முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அண்ணன்