சாஃப்ட்பால் பயிற்சியாளரை எதைக் கொண்டு எடைபோடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற, பந்தைக் கையைத் தாழ்த்தி வீசும் ஆட்டம்) போட்டிப் பருவம் முடிந்ததும், பயிற்சியாளர்களை வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் வைத்து எடைபோடுவது வழக்கமாகிவிட்டது. கையைத் தாழ்த்தி வீசுவதால் தோளுக்குக் கேடில்லை என்ற நம்பிக்கையில், பல அணிகள் ஒரே வீராங்கனையை ஓர் ஆட்டத்தின் 7 இன்னிங்சும், ஆட்டத்துக்கு ஆட்டம் ஓய்வின்றியும் வீச வைக்கின்றன. 43 அடி தூரத்திலிருந்து கையை முழு வட்டமாகச் சுழற்றி வீசும்போது தோளின் முன்பகுதி தாங்கும் சுமை சிறிதல்ல. பள்ளி பேஸ்பாலில் வீச்சு எண்ணிக்கைக்கு ஒவ்வொரு மாநிலமும் வரம்பு வகுக்க வேண்டும் என்று 2017இல் விதி வந்தபோது, சாஃப்ட்பால் அதில் சேர்க்கப்படவில்லை.

என் மகளின் அணியில் பந்து வீசிய பெண், இன்னிங்ஸ் இடைவெளியில் தலைமுடியைக் கட்ட வலக்கையைத் தூக்க முடியாமல், ரப்பர் பேண்டைத் தோழியிடம் நீட்டியதைப் பார்த்தேன். பயிற்சியாளரும் பார்த்தார், உடனே அனுபவமில்லாத ஒன்பதாம் வகுப்பு மாணவியை இறக்கினார், ஆட்டம் கைநழுவியது. பெற்றோர் சிலர் முணுமுணுத்தனர் (முதலில் நானும்தான்). அவர் கணக்கில் அது வெறும் தோல்வியாகவே பதிவாகியிருக்கிறது. பருவ முடிவில் பள்ளி நிர்வாகங்கள், எத்தனை ஆட்டம் வென்றீர்கள் என்பதோடு, எத்தனை பேரைப் பந்து வீச வைத்தீர்கள் என்றும் பயிற்சியாளர்களிடம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்