லைலாக் புதர்களை மொட்டையடித்த உங்கள் 'புத்துயிர் சேவை' பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: முழுப் பணத்தையும் திருப்பித் தருதல், அடுத்த வருகையை ரத்து செய்தல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை, புகார் செய்தேன்.

எங்கள் தோட்டத்தில் மூன்று லைலாக் புதர்கள், வசந்தத்தில் வாசனைப் பூங்கொத்து விடும் செடிகள். வயதானவை. அடியில் வெறும் கட்டை, உச்சியில் எட்டாத உயரத்தில் நாலு பூங்கொத்து என்று நின்றன. அதற்காகத்தான் உங்கள் புத்துயிர்த் திட்டத்தில் சேர்ந்தேன். தடித்த பழைய தண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையோடு எடுத்து, புதுத் தண்டுகளுக்கு இடம் விடுவதுதானே அது. உங்கள் ஆள் இலையுதிர் காலத்தில் வந்தார். இருபதே நிமிடம்! வேலிச் செடியை வெட்டுவது போல மேலே ஒரே மட்டமாக நறுக்கிவிட்டுப் போய்விட்டார். தடித்த பழைய தண்டு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

குப்பையை அள்ளும்போதுதான் பார்த்தேன். கீழே கிடந்த குச்சிகளின் நுனியில் ஜோடி ஜோடியாகப் பருத்த மொட்டுகள். ஒன்றை நகத்தால் பிளந்தேன். உள்ளே பச்சை நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு முழுப் பூங்கொத்து மடங்கிக் கிடந்தது. அடுத்த வசந்தத்தின் பூ அது. லைலாக் அடுத்த வருடத்து மொட்டை முந்தைய கோடையிலேயே கட்டிவிடும், அதனால் பூ உதிர்ந்த உடனே கவாத்து செய்ய வேண்டும் என்று நீங்கள் கொடுத்த துண்டுப்பிரசுரத்திலேயே இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதைப் படிப்பதில்லையா?

வசந்தம் வந்தது. மூன்று புதரிலும் ஒரு பூ இல்லை. போன் செய்தால், "சத்துக் குறைவு" என்று சொல்லி உங்கள் உரத்தை என் தலையில் கட்டினீர்கள். மூட்டையில் அச்சடித்த மூன்று எண்களில் முதல் எண்தான் மிகப் பெரியது, அதாவது பூவை விட்டு இலையை வளர்க்கும் தழைச்சத்து (நைட்ரஜன்). புல்தரைக்குப் போடுகிற சமாச்சாரம் அது. போட்ட பிறகு இலை மட்டும் கருகருவென்று செழித்தது. (இப்போது இலைகளில் வெள்ளையாகச் சாம்பல் நோய் வேறு. அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை, கோடைக் கடைசியில் லைலாக்குக்கு வழக்கமாக வருவதுதான்.)

உரத்தைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் மூன்றாவது முறை போனில் பேசினாரே ஒருவர், அவரை என்னால் மறக்க முடியவில்லை. "தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் விழுகிறதா?" என்று கேட்டார். சரியான கேள்விதான். நாள் முழுக்க விழுகிறது என்றேன். "தண்ணீர் தேங்குகிறதா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் உங்களுக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பணம் வாங்கிக்கொண்டு செடியை வெட்டியது உங்கள் கை. ராசி இல்லாதது என் கையா?

அதற்கு முன்பே நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். கிளையை நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். அரை நாள் விடுப்புப் போட்டு, பையில் குச்சிகளோடு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில், நிபுணர் இன்று வரமாட்டார் என்றார்கள். "படம் எடுத்து அனுப்பியிருந்தாலே போதுமே" என்று இலவச அறிவுரை வேறு.

அந்த வாசனைக்காகவே இந்த வீட்டை வாங்கினோம் என்றுகூடச் சொல்வேன். ஒரு வசந்தமே போய்விட்டது. அதை எந்தப் பணத்தாலும் ஈடுகட்ட முடியாது. ஆனாலும் பணம் வேண்டும்: சேவைக் கட்டணமும் உரத்தின் விலையும் முழுமையாக. கைராசிக்காரரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பும் வேண்டும். உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று நம்பித்தான் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறேன். 15 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றம்தான். ரசீது, படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் குச்சிகளைக்கூடத் தூக்கிப் போடவில்லை.

புதர்களை இனி நானே பார்த்துக்கொள்கிறேன். குளிர்காலக் கடைசியில், தளிர் விடும் முன், பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு எடுப்பேன். மீதித் தண்டுகளின் நுனியைத் தொடமாட்டேன், அவற்றின் மொட்டு அப்படியே இருக்கும். இப்படியே மூன்று வருடம். நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான்.

அப்புறம், நேற்று உங்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "அடுத்த கவாத்து வருகை, இலையுதிர் காலத்தில்." மறுபடியுமா? தயவுசெய்து அதை இன்றே ரத்து செய்யுங்கள். கத்தரியோடு யார் வந்தாலும் கேட் பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
பூவில்லாத மூன்று புதர்களின் சொந்தக்காரர்