குளிர்நாள் மாவுக்கு வேண்டியது சூடு, சோடா அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில், 'குளிரில் இட்லி மாவு பொங்கவில்லையா? சமையல் சோடா அரைத் தேக்கரண்டி கலந்து உடனே ஊற்றுங்கள்' என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. குன்னூரில் இருபது ஆண்டுகளாக வாரம் இருமுறை மாவு அரைக்கிறவள் நான். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மணமாகி மதுரையிலிருந்து இங்கே வந்த முதல் மார்கழியில் நானும் அதையேதான் செய்தேன். இரவு கரைத்து வைத்த மாவு, விடிந்து பார்த்தால் வைத்த அளவிலேயே கிடந்தது. சோடாவைப் போட்டு ஊற்றினேன். இட்லி உப்பியது உண்மைதான். ஆனால் பிட்டுப் பார்த்தால் உள்ளே மஞ்சள் ஓடியிருந்தது. வாயில் வைத்தால் சோப்பு வாடை.

காரணம் பிறகுதான் புரிந்தது. சோடா ஒழுங்காக வேலை செய்யப் புளிப்பு வேண்டும். புளிப்போடு சேர்ந்தால்தான் அது முழுவதும் வாயுவாகவும் தீங்கில்லாத உப்பாகவும் முறியும். பொங்காத மாவில் அந்தப் புளிப்பே இல்லையே! அப்போது ஆவியின் சூட்டில் சோடாவில் ஒரு பகுதி சலவைச் சோடாவாக மாறி இட்லியிலேயே தங்கிவிடுகிறது. சோடாவின் காரத்தன்மையில் வெந்தால் உளுந்தில் உள்ள பி1 வைட்டமினும் அழிகிறது. ஆக, சோடா எங்கே பொருந்தவே பொருந்தாதோ அங்கேதான் அதைப் போடச் சொல்லியிருக்கிறீர்கள்.

மாவைப் பொங்க வைப்பது லியூகோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா. இட்லி மாவில் இதுவே முதன்மையானது என்று 1965லேயே ஆய்வு வெளியாகியிருக்கிறது. கைராசி உள்ளவர்கள் கலக்கினால்தான் மாவு பொங்கும் என்பார்கள். ஆனால் இந்த நுண்ணுயிர் உளுந்தோடும் அரிசியோடுமே வந்துவிடுகிறது. அதனால் உளுந்து ஊறிய நீரை நான் கொட்டுவதில்லை, அதையே தெளித்துத் தெளித்து அரைக்கிறேன். சுமார் 30 டிகிரி சூட்டில் அது சுறுசுறுப்பாகப் பெருகி, புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். குன்னூரின் மார்கழி இரவில் அது செத்துப்போவதில்லை, சோம்பிக் கிடக்கிறது. அவ்வளவுதான்.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்க வேண்டும். அது உளுந்தின் வேலை. அதன் புரதமும், கையில் வழுவழுவென்று ஒட்டும் பசையும் சேர்ந்துதான் குமிழிகளுக்குச் சுவர் எழுப்புகின்றன. உளுந்து அரைபடும்போது ஒரு துளி கிள்ளி, கிண்ணத்துத் தண்ணீரில் போடுவேன். மூழ்கினால் கிரைண்டர் இன்னும் ஓட வேண்டும். பஞ்சுபோல மிதந்தால் எடுத்துவிடலாம். அரிசியைத் தனியே, ரவை பதத்துக்கு அரைக்கிறேன். அதையும் நைய அரைத்தால் இட்லி களிபோலாகிவிடுகிறது.

இனி குளிருக்கு வருவோம். மதுரையில் மாலையில் அரைத்தால் விடியலில் மாவு தயார். இங்கே மார்கழியில் மதியத்துக்கு முன்பே அரைத்துவிடுகிறேன். மாவுக் குண்டானை ஒரு பெரிய அண்டாவில் இறக்கி, பாதி உயரத்துக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி, மூடி, பழைய கம்பளியால் போர்த்துகிறேன். படுக்கப் போகும் முன் ஒருமுறை நீரை மாற்றினால் போதும். கொதிநீர் மட்டும் கூடாது. நுண்ணுயிரும் சாகும், குண்டானின் ஓரத்தில் மாவும் வெந்துவிடும். பதினாறு, பதினெட்டு மணி நேரத்தில் மாவு மூடியைத் தொட்டுவிடும். மேலே துளைத் துளையாக இருக்கும். கரண்டியை விட்டால் பொசுபொசுவென்று அமுங்கும்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற ஊர்களில் உங்கள் இதழை நம்பிச் சமைக்கிற புது இல்லத்தரசிகள் இருப்பார்கள். அடுத்த இதழில் அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
குன்னூர்